யுவியைடிஸ்: கிருமியா, தன்னெதிர்ப்பா?

யுவியைடிஸ் என்பது கண்ணின் நடுப்படலத்தில் உண்டாகும் அழற்சி. விழியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே உறுதியான வெள்ளைப் படலம். உள்ளே ஒளியை உணரும் விழித்திரை. இரண்டுக்கும் நடுவில் இரத்தக் குழாய்களும் கருநிறமியும் நிறைந்த யுவியா. கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ், அதற்குப் பின்னால் கண்ணுக்குள் நீரைச் சுரக்கும் சிலியரி உறுப்பு, விழித்திரைக்குப் பின்புறம் படர்ந்து அதற்கு ஊட்டம் தரும் கோராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததே யுவியா. எடைக்கு எடை பார்த்தால் உடலில் மிக அதிகமாக இரத்தம் பாயும் திசுக்களில் கோராய்டும் ஒன்று. இரத்தத்தோடு கிருமியும் வரும், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் வரும். அதனால்தான் உடலில் வேறெங்கோ தொடங்கிய தொற்றோ தன்னெதிர்ப்போ கண்ணில் வந்து வெளிப்படுகிறது.

அழற்சி முன்பகுதியில் வந்தால் கருவிழியைச் சுற்றிச் சிவக்கும். கண் உள்ளுக்குள் கடுக்கும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. கண்மணி சுருங்கி, வட்டம் கோணலாகும். பின்பகுதியில் வந்தால் வலியும் சிவப்பும் பெரும்பாலும் இருப்பதில்லை. பார்வை மங்கும், கண்முன் புள்ளிகள் மிதக்கும், அவ்வளவுதான். முன்பகுதி நோயை மெட்ராஸ் ஐ என்று எண்ணி மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வது தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அன்றாடம் நடப்பது. மெட்ராஸ் ஐயில் பீளை கட்டும், உறுத்தும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போய்விடும். யுவியைடிஸில் பீளை இல்லை, மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். கண்புரையும் கண்நீர் அழுத்தமும் வரும். விழித்திரையின் மையம் நீர் கோத்து வீங்கும். முடிவில் பார்வையே போகும். கண்புரை முதுமையின் நோய். யுவியைடிஸோ பெரும்பாலும் 20 முதல் 60 வயதுக்குள், உழைத்துச் சம்பாதிக்கும் காலத்தில் வருகிறது. நோயாளிகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தும் இந்நோயால் குடும்பங்களுக்கு உண்டாகும் இழப்பு பெரிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

நோயை உறுதிசெய்யும் கருவி ஸ்லிட் லேம்ப். மெல்லிய ஒளிக்கீற்றை முன் அறைக்குள் செலுத்தினால், ஓட்டுக்கூரையின் இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசு மிதப்பது போல வெள்ளணுக்கள் மிதப்பது தெரியும். ஆரோக்கியமான கண்ணில் அந்த நீர் துல்லியமாகத் தெளிந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் அகலமும் ஒரு மில்லிமீட்டர் உயரமும் கொண்ட கீற்றில் எத்தனை அணுக்கள் தெரிகின்றன என்று மருத்துவர் எண்ணுவார். 50-க்கு மேல் இருந்தால் உச்ச நிலை. உலகெங்கும் ஒரே அளவுகோலைப் பின்பற்ற வேண்டும் என்று யுவியைடிஸ் வல்லுநர்கள் கூடி முடிவுசெய்து 2005-ல் வெளியிட்ட முறை இது. அதற்கு முன்பு ஒரு மருத்துவமனையின் ஆய்வை இன்னொன்றோடு ஒப்பிடுவதே சிரமமாக இருந்தது.

அழற்சி இருக்கிறது என்று காண்பது எளிது. அது எதனால் வந்தது என்று சொல்வதுதான் கடினம். காரணங்கள் இரு பெரும் வகை. கிருமி உள்ளே நுழைந்து, அதை எதிர்த்து உடல் போராடுவது ஒன்று. கிருமியே இல்லாமல், நோய் எதிர்ப்பு மண்டலம் தன் கண்ணின் புரதங்களையே பகையென்று கருதித் தாக்குவது மற்றொன்று, இதுவே தன்னெதிர்ப்பு. ஸ்லிட் லேம்ப் வழியே பார்க்கையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியக்கூடும். சிகிச்சையோ நேர் எதிரானது. தன்னெதிர்ப்பு என்றால் எதிர்ப்பு மண்டலத்தை அடக்க வேண்டும்; கிருமி என்றால் அதைக் கொல்ல வேண்டும். கிருமி இருக்கும் கண்ணில் எதிர்ப்பை மட்டும் அடக்கினால் கிருமிக்கு வழி திறந்துவிட்டதாகும். ஐரோப்பிய, அமெரிக்கப் பாடநூல்கள் தன்னெதிர்ப்புக்கே அதிகப் பக்கங்களை ஒதுக்குகின்றன. காசநோயும் எலிக்காய்ச்சலும் மலிந்த தமிழ்நாட்டில் அந்த வரிசையை அப்படியே பின்பற்ற முடியாது. இங்கே முதலில் கிருமியைத் தேடி, இல்லையென்று உறுதியான பிறகே தன்னெதிர்ப்பு என்ற முடிவுக்கு வர வேண்டும். கடந்த 30 ஆண்டுகளாகத் தமிழக யுவியைடிஸ் ஆய்வு போன பாதையும் இதுவே. அந்தப் பாதையில் முதன்மையானவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் யுவியைடிஸ் பிரிவை வழிநடத்திய டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம்.

அவருடைய ஆய்வுகளைப் புரிந்துகொள்ள, கண்ணுக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் உள்ள விசித்திரமான உறவை முதலில் அறிய வேண்டும்.

1948-ல் பிரிட்டிஷ் அறிவியலாளர் பீட்டர் மெடவார் முயல்களின் கண்ணுக்குள் வேறொரு முயலின் தோல் துணுக்கை வைத்துப் பார்த்தார். உடலின் மற்ற இடங்களில் அந்நியத் தோல் சில நாட்களில் நிராகரிக்கப்பட்டுவிடும். கண்ணின் முன் அறையிலோ அது உயிரோடு இருந்தது. இத்தகைய இடங்களுக்கு எதிர்ப்பு மண்டலம் தனிச் சலுகை அளிக்கிறது என்ற கருத்து இவ்வாறு உருவானது. மெடவாருக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது. எதிர்ப்பு மண்டலம் கண்ணைக் கண்டுகொள்வதே இல்லை என்றுதான் முதலில் எண்ணினார்கள். அது அவ்வளவு எளிமையானதல்ல என்று 1970-களிலிருந்து வேன் ஸ்ட்ரைலைன் போன்ற ஆய்வாளர்கள் காட்டினர். கண்ணுக்குள் வரும் அந்நியப் பொருள் எதிர்ப்பு மண்டலத்தின் கவனத்துக்குப் போகிறது; ஆனால் அதைத் தாக்காதே என்ற உத்தரவோடு போகிறது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. கையில் வந்த அழற்சி தழும்போடு போய்விடும். விழித்திரையில் ஒரு தழும்பு விழுந்தால் அந்த இடத்தில் பார்வை இல்லை. ஆகவே கண்ணுக்குள் அடக்கி வாசிப்பதே உடலுக்கு நல்லது.

இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. எதிர்ப்பு அணுக்களில் முக்கியமான டி செல்கள் மார்புக்கூட்டினுள் உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. உடலின் சொந்தப் புரதங்களை அங்கே அவற்றுக்குக் காட்டி, தாக்க முற்படும் செல்களை அழித்துவிடுகிறது உடல். விழித்திரையின் புரதங்களும் சிறிதளவு அங்கே காட்டப்படுகின்றன. ஆனால் எல்லாச் செல்களையும் வடிகட்டும் அளவுக்கு அல்ல. தப்பி வந்த சில டி செல்கள் நம் எல்லோருடைய இரத்தத்திலும் திரிகின்றன. கண்ணின் இரத்தக் குழாய்ச் சுவர் இறுக்கமாக இருப்பதால் அவை உள்ளே போவதில்லை. விழித்திரையைப் பார்க்காதவரை தொல்லையும் இல்லை. எங்காவது, எப்படியாவது அவை தூண்டப்பட்டுவிட்டால் அந்தச் சுவரைக் கடந்துவிடும்.

இதற்கு மருத்துவ வரலாற்றில் மிகப் பழைய சான்று, ஒரு கண்ணில் அடிபட்டால் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ பிறகு அடிபடாத மறுகண்ணும் அழற்சியால் கெடும் நோய். 19-ஆம் நூற்றாண்டில் கிளாஸ்கோ மருத்துவர் வில்லியம் மெக்கன்சி இதை விரிவாக எழுதினார். 1910-ல் பிராகா நகரின் அன்டன் எல்ஷ்னிக், காயத்தால் வெளிப்பட்ட கண்ணின் சொந்தப் பொருளையே உடல் எதிர்க்கிறது என்று விளக்கம் தந்தார். பார்வையற்றோர் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் 1809-ல் பிரான்சில் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் குத்தூசி பட்டு ஒரு கண் கெட்டது. ஐந்து வயதுக்குள் மற்றொன்றும் போனது. அந்த இரண்டாவது கண்ணைப் பறித்தது இந்த நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பது மருத்துவ வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

எல்ஷ்னிக்கின் விளக்கத்தை ஆய்வகத்தில் நிரூபிக்க அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. 1977-ல் வால்டன் வாக்கர் குழுவினர் விழித்திரையிலிருந்து ஒரு புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, அதைச் செலுத்தினால் விலங்குகளுக்கு யுவியைடிஸ் வருவதைக் காட்டினர். 1988-ல் அமெரிக்கத் தேசியக் கண் ஆய்வு நிறுவனத்தின் ரேச்சல் காஸ்பி அதே நோயைச் சுண்டெலிகளில் உருவாக்கினார். மரபணு நன்கு தெரிந்த உயிரி சுண்டெலி என்பதால் அதன்பின் ஆய்வு வேகம் பிடித்தது. அவருடைய குழு 2015-ல் வெளியிட்ட முடிவு வியப்பானது. விழித்திரைப் புரதத்தைத் தாக்கும் டி செல்களோடு பிறக்கும் சுண்டெலிகளுக்கு, யாரும் தூண்டாமலே யுவியைடிஸ் வந்தது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுத்துக் குடலின் பாக்டீரியாக்களைக் குறைத்தபோது நோயும் தணிந்தது. அந்த டி செல்கள் கண்ணில் தூண்டப்படவில்லை. குடலில், அங்கு வாழும் பாக்டீரியாக்களால் தூண்டப்பட்டன. மனிதருக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பது வேறு கேள்வி. ஆனால் கிருமி ஒரு பக்கம், தன்னெதிர்ப்பு மறுபக்கம் என்று போட்டிருந்த கோடு அத்தனை நேரானது அல்ல என்பது இதனால் தெளிவானது.

அந்தக் கோட்டின் மேலேயே நிற்கும் நோய் ஒன்றை மதுரை முன்பே கண்டிருந்தது.

1993-ன் பிற்பகுதியில் பெய்த வடகிழக்குப் பருவமழையில் தென்தமிழகம் வெள்ளக்காடானது. 1994-ன் தொடக்கத்தில் மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு யுவியைடிஸ் நோயாளிகள் வழக்கத்தை மீறி வரத் தொடங்கினர். அவர்களிடம் ஒரு பொதுத் தன்மை இருந்தது. திடீரென வந்த அழற்சி. கண்ணின் முன்னும் பின்னும் சேர்ந்த பாதிப்பு. விழித்திரையின் இரத்தக் குழாய்களில் வீக்கம். சிலருக்கு முன் அறையின் அடியில் சீழ் படிந்திருந்தது. தெரிந்த தன்னெதிர்ப்பு நோய் எதிலும் இது சரியாகப் பொருந்தவில்லை. கேட்டுப் பார்த்தால் பலர் வயல் வேலை செய்பவர்கள், மாடு வளர்ப்பவர்கள், வெள்ளநீரில் நடந்தவர்கள். சில வாரங்களுக்கு முன் காய்ச்சல் கண்டு தேறியவர்கள். சந்தேகம் எலிக்காய்ச்சல் மீது விழுந்தது.

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா, சுருள் வடிவப் பாக்டீரியா. எலி, மாடு, பன்றி ஆகியவற்றின் சிறுநீரகத்தில் தங்கிச் சிறுநீர் வழியே வெளியேறும். தேங்கிய நீரில் நெடுநாள் உயிரோடிருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாக உடலுக்குள் நுழையும். காய்ச்சல் போன பிறகு சில வாரங்களோ பல மாதங்களோ கழித்துக் கண் பாதிக்கப்படக்கூடும். அதற்குள் காய்ச்சல் வந்ததையே நோயாளி மறந்திருப்பார். ரத்தினமும், மருத்துவமனையின் மூத்த மருத்துவர் பெ. நம்பெருமாள்சாமியும், அமெரிக்க ஆய்வாளர் டெபோரா டீனும் சேர்ந்து 73 நோயாளிகளிடம் இரத்தப் பரிசோதனை மூலம் லெப்டோஸ்பைரா தொற்றை உறுதிசெய்து 1997-ல் கட்டுரை வெளியிட்டனர். மறு ஆண்டே கண்ணுக்குள் இருந்து எடுத்த நீரில் அந்தப் பாக்டீரியாவின் மரபணுத் துண்டு இருப்பதை பிசிஆர் முறையில் காட்டினர். லெப்டோஸ்பைரா கண்ணைத் தாக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த செய்திதான். ஆனால் ஒரு வெள்ளத்துக்குப் பின் கூட்டங்கூட்டமாகப் பார்வையைப் பாதிக்கும் என்பதை உலகுக்குத் தெரிவித்தது மதுரைதான். அதற்கு முன் வந்த பருவமழைகளில் எத்தனை பேர் காரணம் தெரியாத யுவியைடிஸ் என்று எழுதப்பட்டு வீடு திரும்பியிருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கத்தான் முடியும்.

கதை அங்கே முடியவில்லை. லெப்டோஸ்பைராவால் குதிரைகளுக்கும் யுவியைடிஸ் வரும். வந்து, தணிந்து, மீண்டும் வந்து இறுதியில் குதிரையைக் குருடாக்கும். கிருமி அழிந்த பிறகும் நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு விடை தந்தனர். லெப்டோஸ்பைராவின் மேலுறையில் உள்ள இரு புரதங்களுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்கள், குதிரைக் கண்ணின் சொந்தப் புரதங்களிலும் போய் ஒட்டிக்கொண்டன. கிருமியின் புரதமும் கண்ணின் புரதமும் தோற்றத்தில் ஒத்திருப்பதால் எதிர்ப்பு மண்டலம் ஏமாந்துபோகிறது. 2008-ல் அதே குழு ரத்தினத்தோடும், அரவிந்த் ஆய்வு மையத்தின் நோயெதிர்ப்பியல் அறிஞர் வி.ஆர். முத்துக்கருப்பனோடும் சேர்ந்து, எலிக்காய்ச்சல் யுவியைடிஸ் வந்த மனிதர்களின் இரத்தத்திலும் அதே இரு புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டியது. தொற்றாகத் தொடங்கி, தன்னெதிர்ப்பாகத் தொடரும் நோய் என்று இதைக் கருத இடமிருக்கிறது.

இவ்வகைத் தேடல் தமிழகத்தில் வேறு சில கிருமிகளையும் அடையாளம் காட்டியது. கோயம்புத்தூரில் 2004-05-ல் 248 பேருக்கு விழித்திரை அழற்சி வந்தது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பொதுக் குடிநீர் வழியே பரவியிருக்க வேண்டும் என்று அங்குள்ள அரவிந்த் மருத்துவர்கள் முடிவுக்கு வந்தனர். 2006-ல் சிக்குன்குனியா பரவியபோது அந்த வைரசும் கண்ணைப் பாதிப்பது பதிவானது. சென்னை சங்கர நேத்ராலயாவில் ஜோதிர்மய் பிஸ்வாஸ் கண் காசநோய் பற்றி நெடுங்காலம் ஆய்ந்தார்.

ரத்தினத்தின் இன்னொரு கண்டுபிடிப்பு குழந்தைகளைப் பற்றியது. கிராமத்துக் கண்மாயிலும் ஊருணியிலும் குளிக்கும் சிறுவர்களின் கண்ணில் முத்துப் போன்ற வெண்ணிறக் கட்டிகள் தோன்றின. வெண்படலத்தின் மேல் சிலருக்கு, முன் அறைக்குள்ளேயே சிலருக்கு. இத்தகைய கட்டி பார்த்தவுடன் காசநோயை நினைவூட்டும். திசுவை எடுத்துப் பார்த்தபோது உள்ளே தட்டைப்புழுவின் எச்சம் இருந்தது. 2001-ல் இதை வெளியிட்ட ரத்தினம் அங்கேயே நின்றுவிடவில்லை. 2016-ல் வெளியான ஆய்வில், குழந்தைகளின் கண்ணில் கிடைத்த மரபணு புரோசெரோவம் வேரியம் என்ற பறவை ஒட்டுண்ணியுடையது என்றும், அதன் இளம்பருவம் அந்தக் குளத்து நத்தைகளில் வளர்கிறது என்றும் அவர் குழுவினர் நிறுவினர். நத்தையை அறியாமல் அந்தக் கண்ணுக்கு மருத்துவம் பார்ப்பது அரைகுறை மருத்துவமே.

புதுச்சேரிக்கு இந்த வரலாற்றோடு இரண்டு தொடர்புகள் உண்டு. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் 1823-ல் இங்கே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-ல் ஜிப்மர் என்ற பெயர் பெற்று, இன்று கோரிமேட்டில் இருப்பது அதன் வழிவந்த நிறுவனம். மற்றொன்று, கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் 2003-ல் திறக்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை. அரவிந்த் மருத்துவமனைகளை 1976-ல் மதுரையில் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, புதுச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தரின் அடியார். மருத்துவமனைக்கு அரவிந்தரின் பெயரையே வைத்தார். வெங்கடசாமியே தன்னெதிர்ப்பு நோயாளி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ராணுவ மருத்துவராக இருந்தபோது கடும் முடக்குவாதம் தாக்கி, 1948-ல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். முடக்குவாதத்தில் உடல் தாக்குவது மூட்டுச் சவ்வை, யுவியைடிஸில் கண்ணை. தாக்கும் முறையில் இரண்டுக்கும் ஒற்றுமை மிகுதி. எனவேதான் ஒன்றுக்குத் தரும் மருந்து மற்றொன்றுக்கும் பயன்படுகிறது.

கிருமி இல்லை என்று முடிவான பிறகு மீதமிருக்கும் தன்னெதிர்ப்பு யுவியைடிஸிலும் வகைகள் உண்டு. எச்எல்ஏ பி27 என்ற மரபணு உள்ளவர்களுக்கு முன்பகுதி அழற்சி திடீரென வரும். முதுகெலும்பு விறைக்கும் நோயும் கூடவே இருக்கலாம். இந்த உறவு 1973-ல் கண்டறியப்பட்டது. தமிழகத்தில் அதிகம் கவலை தருவது வோக்ட், கோயனாகி, ஹரடா ஆகிய மூவரின் பெயரால் அழைக்கப்படும் நோய். இதில் உடல் கருநிறமிச் செல்களைத் தாக்குகிறது. நிறமி எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அடி விழும்: கோராய்டு வீங்கி விழித்திரையின் அடியில் நீர் கோத்து இரண்டு கண்ணும் சில நாட்களில் மங்கும், காதில் இரைச்சல் கேட்கும், தலை வலிக்கும், பின்னர் தோலில் வெண்திட்டுகள் தோன்றும், இமைமயிர் நரைக்கும். வெளுப்பு நிறத்தவரை விடக் கருநிறமி மிகுந்த ஆசிய மக்களிடையே இது அதிகம். உடனே முழு அளவு ஸ்டீராய்டு கொடுத்தால் பார்வை மீளும். தாமதித்தாலோ பாதியில் நிறுத்தினாலோ நோய் நாள்பட்டதாகிவிடும்.

ஸ்டீராய்டு 1940-களின் இறுதியில் முடக்குவாதத்துக்காக அறிமுகமானது. விரைவிலேயே கண்ணுக்கும் வந்தது. அதைப்போல் வேகமாக அழற்சியை அடக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் கொடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்புரையும் கண்நீர் அழுத்தமும் வரும். எந்தக் கண்ணைக் காக்க மருந்து தரப்பட்டதோ அந்தக் கண்ணையே அது கெடுக்கும். ஆகவே ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வந்து, அதன் இடத்தில் வேறொரு மருந்தை வைக்க வேண்டும். உறுப்பு மாற்றத்துக்குப் பயன்பட்ட சைக்ளோஸ்போரினை 1983-ல் ராபர்ட் நுசன்பிளாட் யுவியைடிஸில் பயன்படுத்திக் காட்டினார். மெத்தோட்ரெக்சேட் அதற்கும் முந்தையது. புற்றுநோய்க்கென உருவாகி, குறைந்த அளவில் முடக்குவாதத்துக்குப் பயன்பட்டு, 1960-களிலேயே கண்ணுக்கும் முயன்று பார்க்கப்பட்டது. மைக்கோஃபினோலேட் பிற்பாடு வந்தது, விலையும் அதிகம். புதியதும் விலை கூடியதுமான மருந்தே மேலானது என்ற எண்ணம் மருத்துவர்களிடையே பரவியிருந்தது. முன்னாளைய நோயாளிப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. ஆனால் இரண்டையும் நேருக்கு நேர் யாரும் சோதிக்கவில்லை.

அந்தச் சோதனை தமிழ்நாட்டிலிருந்துதான் தொடங்கியது. ரத்தினமும் சான்பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் நிஷா ஆச்சார்யாவும் முதலில் அரவிந்த் மருத்துவமனைகளில் 80 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டனர். விலை குறைந்த மெத்தோட்ரெக்சேட் எந்த வகையிலும் பின்தங்கவில்லை. இதை உறுதிப்படுத்த இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சவுதி அரேபியா, மெக்சிகோ ஆகிய நாடுகளின் ஒன்பது மையங்களில் 216 நோயாளிகளைக் கொண்டு பெரிய சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்கு வாரம் 25 மில்லிகிராம் மெத்தோட்ரெக்சேட். மறு பிரிவுக்குத் தினம் 3 கிராம் மைக்கோஃபினோலேட். ஆறு மாத முடிவில் இரு கண்ணிலும் அழற்சி அடங்கி, ஸ்டீராய்டு மாத்திரை தினம் 7.5 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படாதிருந்தால்தான் வெற்றி என்று கணக்கு. 2019 செப்டம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான முடிவின்படி மெத்தோட்ரெக்சேட் பிரிவில் 66.7 விழுக்காட்டினர், மைக்கோஃபினோலேட் பிரிவில் 57.1 விழுக்காட்டினர் வெற்றி பெற்றனர். புள்ளியியல் கணக்கில் இது பெரிய வேறுபாடு அல்ல. ஆனால் விலை உயர்ந்த மருந்தே மேலானது என்று இனி சொல்ல முடியாது. கட்டுரையின் முதல் ஆசிரியர் ரத்தினம்.

ஏழை நாடுகளில் நடக்கும் மருந்துச் சோதனை என்றால் பன்னாட்டு நிறுவனத்தின் புதிய மருந்துக்கு நோயாளிகளைத் திரட்டிக் கொடுப்பது என்ற பெயர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. இந்தச் சோதனை அப்படிப்பட்டதல்ல. எந்தக் காப்புரிமையும் இல்லாத பழைய மருந்தைப் பற்றி, அதை அன்றாடம் எழுதிக் கொடுக்கும் மருத்துவர்களே கேட்ட கேள்வி. இங்கே கிடைத்த விடை பாஸ்டனுக்கும் மெல்போர்னுக்கும் பயன்படுகிறது.

ஒரே மருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பது இதன் அடுத்த சிக்கல். மூன்றில் ஒருவருக்கு மெத்தோட்ரெக்சேட் பலன் தரவில்லை. சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படும், சிலருக்குக் குமட்டல் தாங்காது. இந்த இடத்தில் புதுச்சேரி ஜிப்மரின் மருத்துவ நோயெதிர்ப்பியல் துறையின் பணி பொருத்தமானது. வீர் சிங் நெகி தலைமையில் அத்துறையினர் தமிழ் பேசும் முடக்குவாத நோயாளிகளின் மரபணுக்களை ஆய்ந்து, மெத்தோட்ரெக்சேட்டின் பலனும் பக்கவிளைவும் எந்த மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகின்றன என்று தேடினர். ஏடிஐசி என்னும் மரபணுவின் ஒரு வேறுபாட்டுக்கும் பக்கவிளைவுகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2016-ல் வெளியான கட்டுரை தெரிவித்தது. தன்னெதிர்ப்பு நோய்க்கு வழிசெய்யும் எச்எல்ஏ மரபணுக்களைப் பற்றி அவர்கள் பாரிஸ் ஆய்வாளர்களோடு சேர்ந்தும் ஆய்வு செய்தனர். இவை மூட்டு நோயாளிகளைப் பற்றியவை. கண்ணுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. ஆனாலும் ஐரோப்பியர்களின் மரபணுவை வைத்துத் தமிழருக்கு மருந்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இத்தகைய வேலை அவசியம்.

மெத்தோட்ரெக்சேட் கைவிட்டவர்களுக்கு அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் அடலிமுமாப் ஊசி இருக்கிறது. அமெரிக்காவில் 2016-ல் யுவியைடிஸுக்கு இது அனுமதி பெற்றது. இந்தியாவில் 2014-லேயே இதற்கு நிகரான உள்நாட்டு மருந்து சந்தைக்கு வந்து விலை குறைந்தது. இருந்தும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலைதான். உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பது இதன் தனி ஆபத்து. ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். இங்கே அதில் சமாதானம் செய்துகொள்ள இடமில்லை.

இந்த ஊசியின் பலன் குழந்தைகளிடமும் சோதிக்கப்பட்டது. பிரிட்டனின் பிரிஸ்டலில் பணியாற்றும் குழந்தைகள் மூட்டுநோய் மருத்துவர் ஏ.வி. ரமணன் தலைமையில் நடந்து 2017-ல் வெளியான சோதனையில், மூட்டுவாதத்தோடு யுவியைடிஸும் உள்ள 90 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். மெத்தோட்ரெக்சேட்டோடு அடலிமுமாப் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 60 விழுக்காட்டினருக்கும் சிகிச்சை தோற்றது. வேறுபாடு அத்தனை தெளிவாக இருந்ததால் சோதனையை இடையிலேயே நிறுத்தினர்.

மருந்துகள் இவ்வளவு வந்த பிறகும் பார்வை போவது பெரும்பாலும் தாமதத்தால்தான். வெளிச்சம் கூசி, பீளை இல்லாமல் சிவக்கும் கண்ணுக்கு மருந்துக்கடை ஸ்டீராய்டு சொட்டு போடக் கூடாது. அது காரணத்தை மறைத்துவிடும். மழைக்காலத்துக்குப் பின் கண் மங்கினால், முன்பு வந்த காய்ச்சலையும் தண்ணீரில் நின்று செய்த வேலையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே விழுங்க வேண்டிய மருந்து. தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூட்டுவாதம் உள்ள குழந்தைகளுக்கு வரும் யுவியைடிஸில் கண் சிவப்பதும் இல்லை, வலிப்பதும் இல்லை. குழந்தையும் எதுவும் சொல்லாது. முழங்கால் வீங்கிய குழந்தையை எலும்பு மருத்துவரிடம் காட்டும் பெற்றோர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் மருத்துவரிடமும் காட்டி ஸ்லிட் லேம்பில் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.